மகன் நெற்றியில் ஒரு பொட்டு

அத்தியாயம் 4

அந்த டம்ளர் தண்ணீரை முஃபீத் குடித்திருந்தால் இந்த வழக்கு ஜென்மத்துக்கும் துலங்கியிருக்காது.

வியாழக்கிழமை மத்தியானம். இலஞ்சியில் விஜயத்தம்மாள் வீட்டுக் கூடம். வெளியே சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. தென்காசியிலிருந்து ஸ்கூட்டரில் தொப்பலாக நனைந்து வந்தவனுக்குத் தாகம் எடுத்ததே அதிசயம். ஆனால் முஃபீத்தைப் பொறுத்தவரை கண்ணில் படுவது எல்லாம் இரண்டே வகை. ஒன்று வாயில் போட்டுக்கொள்வதற்கு, மற்றது வாயால் கிண்டல் செய்வதற்கு. சுவரில் ஒரு படம் தொங்கியது. படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு மரப்பலகை. பலகையில் பித்தளை டம்ளர், அதில் விளிம்பு வரை தண்ணீர். அவன் கையை நீட்டினான்.

"எடுக்காதே!"

விஜயத்தம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்கிற உடம்பு. அந்த அம்மாள் இரண்டே எட்டில் வந்து முஃபீத்தின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அது மூத்தவன் வைக்கது. தெனமும் ராத்திரி மாத்தி வைப்பான். அடுக்களையில பானையில தண்ணி கெடக்கு தம்பி, மோந்து குடி."

"ஊரெல்லாம் தண்ணியாக் கொட்டுது. உங்க வீட்ல ஒரு டம்ளருக்கு இவ்வளவு காவலாம்மா?" என்று சொல்லிக்கொண்டே முஃபீத் அடுக்களைக்குப் போனான்.

உமாராணி சிரிக்கவில்லை. அவள் சிரிப்பது ஆடிக்கு ஒருதரம், அமாவாசைக்கு ஒருதரம். பதினாலு வருஷம் போலீஸில் குற்றப்பிரிவில் இருந்துவிட்டு, மேலே உட்கார்ந்திருந்தவர்களோடு ஒத்துப்போகாமல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். தென்காசி ரத வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். ஆபீஸ் என்றால் அவளும் முஃபீத்தும் ஒரு மின்விசிறியும்தான். மின்விசிறிதான் மூன்று பேரில் ஓரளவு ஒழுங்காக வேலை செய்யும் என்பது முஃபீத்தின் கட்சி.

"மொதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றாள் உமாராணி.

சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. விஜயத்தம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஸ்ரீகணேஷ், முப்பத்தாறு வயது, தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறவன். இளையவன் அஸ்வத், இருபத்தெட்டு. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவன். சரியாக இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வெளியே போனான். திரும்பவில்லை. மறுநாள் அவன் போனிலிருந்து அண்ணனுக்கு ஒரு செய்தி வந்தது. 'கொச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆவணி முடிய வரமாட்டேன். அம்மாவிடம் சொல்.' அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், வயசு வந்த பையன், மெசேஜ் வேறு அனுப்பியிருக்கிறான், காணாமல் போனதாக எப்படி எழுதுவது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"எளைய பிள்ளையக் கண்டுபிடிச்சுத் தாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள் விஜயத்தம்மாள்.

உமாராணி காணாமல் போனவர்களின் தாய்மாரை நிறையப் பார்த்தவள். எல்லாத் தாயும் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. உசுரோட இருக்கானா என்பார்கள். இந்த அம்மாள் அதைக் கேட்கவே இல்லை. அதை மனதில் ஒரு மூலையில் போட்டு வைத்துக்கொண்டு உமாராணி எழுந்து படத்தருகே போனாள்.

வீட்டில் எல்லோரும் மாட்டுகிற படம் இல்லை அது. நோட்டுப் புத்தகத்தை விடக் கொஞ்சம் பெரிய காகிதம், கறுப்பு மரச்சட்டம், கண்ணாடி. வண்ணம் கிடையாது. ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய முழங்கால்களுக்கு நடுவே, செத்துப்போன மகன் சரிந்து கிடக்கிறான். தலை நெஞ்சில் தொங்குகிறது. இரண்டு பக்கமும் இரண்டு குட்டித் தேவதைகள் அவன் கைகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். பின்னால் சிலுவை மரம். தாய் பிள்ளையைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கையை மேலே காட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மைக்கேலாஞ்சலோன்னு ஒருத்தர் வரைஞ்சதாம்," என்றாள் விஜயத்தம்மாள். "ஐந்நூறு வருசம் ஆகப்போகுதாம். அசல் அமெரிக்காவுல ஏதோ மியூசியத்துல இருக்காம். இது நகலு. சாக்பீஸ்ல போட்டதுன்னான். 'பள்ளிக்கூடத்து சாக்பீஸ் இல்லம்மா, மண்ணுக்குள்ளேர்ந்து எடுக்க கருங்கல்லு மாதிரி ஒரு கட்டி'ன்னு சொன்னான். ஒரு சிநேகிதிக்குப் பரிசாக் குடுக்கதுக்காக வரைஞ்சாராம்."

"உங்களுக்குப் பிடிச்சுதாம்மா?"

"மொதல்ல பயந்துட்டேன். பொணத்த மாட்டுதியேடான்னேன். அவன் என்ன இந்த நாற்காலியில உக்கார வச்சு, 'மொகத்தப் பாக்காதம்மா, கையப் பாரு'ன்னான். தெனமும் பாத்தேன். கோடே தெரியாது பாத்துக்கிடுங்க. பக்கத்துல போனா புகை படிஞ்ச மாதிரிதான் இருக்கும். தள்ளி நின்னா அந்தப் பிள்ளை வயித்துல எலும்பு தெரியும், மடிப்புத் தெரியும். ஒரு நா அவன்ட்ட கேட்டேன். பெத்தவ மடியில கெடக்கான், இவ ஏன் கையால அவனத் தொடக்கூட இல்லைன்னு. 'தெரியலம்மா, நீயே பாத்துச் சொல்லு'ன்னுட்டான்."

உமாராணிக்கு ஓவியம் தெரியாது. ஆனாலும் அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகுதான் கண்ணாடி மேல் இருந்த பொட்டுகளைக் கவனித்தாள். தாயின் நெற்றியில் ஒரு குங்குமம், காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. மகனின் நெற்றியில் சந்தனமும், சந்தனத்தின் நடுவே குங்குமமும். விரலால் தொட்டாள். சந்தனம் ஈரமாக ஒட்டியது.

"தாயிக்கு வைக்கது நான்," என்றாள் விஜயத்தம்மாள், படத்தைப் பார்க்காமல். "எந்த ஊர்த் தாயா இருந்தா என்ன, தாயிதானே. பிள்ளைக்கு மூத்தவன் வச்சிருப்பான்."

"அவருக்கும் இந்தப் படம் பிடிக்குமோ?"

"அவனுக்கு ஆகவே ஆகாது. பதினோரு பொண்ணு பாத்துத் தட்டிப்போயி இப்பம்தான் ஒரு எடம் அமைஞ்சிருக்கு. ஆவணியில கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வரதா இருந்தாவ. 'செத்த பிள்ளைய மடியில போட்டிருக்க படம் கல்யாண வீட்ல எதுக்கு, அபசகுனம்'னு தம்பிகிட்ட நித்தமும் சண்டை."

கூடத்தின் கிழக்குப் பக்கம் சாமி அலமாரி. முருகன், குற்றாலநாதர், அம்பாள். கண்ணாடியில் சந்தனம் காய்ந்து, வெடித்து, ஓரம் தூக்கியிருந்தது. அடுக்களையிலிருந்து திரும்பிய முஃபீத் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, சாமிக்கெல்லாம் மேக்கப் கலைஞ்சு கெடக்கு? விளக்குத் திரி வேற எங்க மாமனார் தொண்டை மாதிரி காஞ்சிருக்கு."

"எண்ணெய் தீந்துபோச்சு, வாங்கணும்," என்றாள் விஜயத்தம்மாள். "வெளக்கு ஏத்துதது நான். வெள்ளிக்கெழம படம் தொடச்சுப் பொட்டு வைக்கது மூத்தவன். அவுக அப்பா போனதுலேர்ந்து இதுதான் எங்க பங்கு. இப்பம் அவனுக்கு இடுப்பு வலி."

இடுப்பு வலிக்காரன் அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து இறங்கினான். தோப்பிலிருந்து வருகிறான், கையில் ஒரு தேங்காய்க் குலை. குலையை இடுப்பு நோகாமல் இறக்கி வைத்துவிட்டு, மரியாதையாகக் கும்பிட்டான். தம்பி கொச்சியில் இருப்பதாகவும், வேண்டுமானால் மெசேஜைக் காட்டுவதாகவும் சொன்னான். நல்ல மனுஷன் முகம். அந்த முகத்தில் தூக்கம் மட்டும் இல்லை.

உமாராணி கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "வார வழியில இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். விபூதி. எடுத்துக்கிடுங்க."

நீண்ட கை பாதியில் நின்றது. ஸ்ரீகணேஷ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"கை ஈரமா இருக்கு. அங்கன வச்சிருங்க. பொறவு பூசிக்கிடுதேன்."

பொட்டலம் நாற்காலி மேலேயே இருந்தது. அவர்கள் விடைபெற்றுக் கிளம்புகிறவரை அதை யாரும் தொடவில்லை.

*

இலஞ்சி விலக்கு டீக்கடையில் முஃபீத் இரண்டாவது வாழைக்காய்ச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான்.

"யக்கா, எங்க வீட்ல இந்தத் தொல்லையே கெடையாது. சொவத்துல படமே மாட்ட மாட்டோம். என் போட்டோவையே எம் பொண்டாட்டி ஹாஜரா பீரோவுக்குள்ளதான் வச்சிருக்கா. பிள்ளைங்க பயப்படுதாம்."

"ஏலே, ஒழுங்காப் பதில் சொல்லு. அந்தப் படத்த எடுன்னு சண்டை போட்டது யாரு?"

"மூத்தவரு."

"தம்பி போயிப் பதினஞ்சு நாளாச்சு. கேக்க ஆளில்ல. படம் எங்க இருக்கு?"

"சொவத்துல." சிப்ஸ் மெல்லுவது நின்றது. "ஆமா, ஏன் எடுக்கல? எடுக்காட்டாலும் போகுது, பொட்டு வேற வைக்காரே. அதுவும் பிள்ளைக்கு."

"சாமி படத்துக்கு வெள்ளிக்கெழம பொட்டு வைக்க இடுப்பு வலி. இந்தப் படத்துக்குத் தெனமும் சந்தனம் ஒரசி வைக்க வலி இல்ல. தேங்காக் குலை தூக்க வலி இல்ல. முருகன் விபூதிய மட்டும் கையில வாங்க மாட்டான்." உமாராணி டீயை ஒரே மடக்கில் முடித்தாள். "ஒங்க ஆளுகளுக்குத் தெரியாது. எங்கள்ல, சொந்தத்துல ஒரு சாவு விழுந்தா பதினாறு நாளைக்குத் தீட்டு. சாமி காரியம் எதையும் தொட மாட்டோம். கோயில் விபூதிகூட வாங்க மாட்டோம்."

முஃபீத் பாக்கெட்டைக் கீழே வைத்தான்.

"அந்தப் பதினாறு நாளும் செத்தவங்க போட்டோவுக்குப் பொட்டு வச்சு, முன்னால ஒரு டம்ளர்ல தண்ணி வைப்போம். ஆத்மா வந்து குடிக்கும்னு. தம்பி போட்டோவ எடுத்து அப்படி வச்சா ஊருக்கே தெரிஞ்சிரும். அந்த வீட்ல வேற எந்தப் படத்துல ஒரு செத்த பிள்ளை இருக்கு?"

"யக்கா." முஃபீத்தின் குரல் இறங்கிவிட்டது. "நான் குடிக்கப் பாத்தது..."

"அஸ்வத்துக்கு வச்ச தண்ணி."

தூறல் வலுத்தது. டீக்கடைக்காரர் பாய்லரை மூடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை உமாராணி நிறையப் பார்த்திருக்கிறாள். இவன் மறைத்துவிட்டான், காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கொலையை மறைக்கத் தெரிந்தவனுக்குத் தீட்டை மீறத் தைரியம் இல்லை. உலகத்துக்குப் பொய் சொல்லலாம், போனில் பொய்யாக மெசேஜ் அனுப்பலாம், பெற்ற தாயிடம் பொய் சொல்லலாம். தீட்டுக் கையால் முருகன் நெற்றியைத் தொட மட்டும் அவனால் முடியவில்லை.

"பொட்ட வச்சு கேஸ் போட முடியாது யக்கா. ஜட்ஜ் சிரிப்பாரு."

"தெரியும். வியாழக்கெழம காணாமப் போனான். இன்னைக்குப் பதினஞ்சாம் நாள். நாளைக்குப் பதினாறு. நாளைக்குச் செத்தவன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் எறைக்கணும். அது செய்யாம தீட்டுக் கழியாது. தீட்டுக் கழியாம இவன் தாலி கட்ட மாட்டான். வீட்ல செய்ய முடியாது. உள்ளூர் ஐயரக் கூப்பிட முடியாது."

"பின்ன?"

"நாளைக்கு என்ன நாளுலே?"

முஃபீத் கடைக் காலண்டரைப் பார்த்தான். ஆடி அமாவாசை. குற்றாலத்தில் ஆயிரம் பேர் செத்துப்போன அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தர்ப்பணம் கொடுக்கிற நாள். ஸ்ரீகணேஷின் அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. அங்கே அவன் போய் உட்கார்ந்தால் ஏன் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

*

காலை ஆறு மணிக்கே குற்றாலத்தில் நிற்க இடமில்லை. அருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதனால் ஆற்றங்கரைப் படித்துறையில் புரோகிதர்கள் தொண்டை கிழியக் கத்தித்தான் மந்திரம் சொன்னார்கள். ஈர வேட்டியோடு வரிசை வரிசையாக ஆட்கள். வாழையிலை, தர்ப்பை, எள், அரிசி மாவு உருண்டை.

முஃபீத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படியோரம் நின்றான். "யக்கா, நாலு புரோகிதர் என்னக் கூப்பிட்டுட்டாங்க. அஞ்சாவது ஆளுகிட்ட எங்க வாப்பா நல்லா இருக்காருன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டாரு."

உமாராணி கண்ணால் காட்டினாள். கடைசி வரிசையில், தண்ணீரைப் பார்த்தபடி ஸ்ரீகணேஷ். அவள் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அப்பா பேரு?"

"கணபதிசுப்பிரமணியன்."

"தாத்தா பேரு?" சொன்னான். கொள்ளுத்தாத்தா பேரும் சொன்னான். எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் வழிந்தது. புரோகிதர் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பினார்.

"சாமி, இன்னும் ஒருத்தருக்கு."

"யாருக்கு?"

ஸ்ரீகணேஷ் சொன்னது அருவிச் சத்தத்தில் புரோகிதர் காதில் விழவில்லை. சத்தமாகச் சொல்லுங்கோ என்று அவர் கத்தினார். அவன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். பிறகு சத்தமாகவே சொன்னான்.

"அஸ்வத். தம்பி. இன்னைக்குப் பதினாறாம் நாள்."

புரோகிதர் அவன் கையில் எள்ளை வைத்தார். பாதி எள் படியில் சிந்தியது. மூன்று தரம் தண்ணீர் இறைக்கிறவரை உமாராணி காத்திருந்தாள். அவசரப்பட்டுத் தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பையனுக்கு இதுவரை கிடைத்த ஒரே மரியாதை அதுதான். முடிந்ததும் அவன் பக்கத்தில் ஈரப்படியில் உட்கார்ந்தாள்.

"ஸ்ரீகணேஷ், கொச்சியில வேலை பாக்கவனுக்கு எள்ளுத் தண்ணி எதுக்கு?"

அவன் ஓடப் பார்க்கவில்லை. ஓடியிருந்தாலும் இரண்டு படி மேலே துண்டோடு முஃபீத் நின்றான். ஸ்ரீகணேஷ் அவளைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். பதினாறு நாள் தூங்காத முகம் அப்படியே உடைந்தது.

"ஒரே தள்ளுதான். சத்தியமா ஒரே தள்ளு."

தோப்பு மோட்டார் ரூமில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள், படத்தை இன்றைக்கே கழற்று என்றிருக்கிறான் அண்ணன். அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, அம்மா சொன்னால் கழற்றுகிறேன் என்றிருக்கிறான் தம்பி. பேச்சு தடித்தது. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் தம்பியின் பின்மண்டை அடித்தது.

"மடியில தூக்கி வச்சுக்கிட்டு எழுப்புதேன், எழுப்புதேன், எந்திரிக்கல. தலை நெஞ்சுல தொங்கிப்போச்சு. எனக்கு அந்தப் படந்தான் ஞாபகம் வந்துச்சு." வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். "அபசகுனம் அபசகுனம்னு படத்தச் சொன்னேன். அபசகுனம் நாந்தான்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"மூச்சு இல்ல. சாவு விழுந்தா கல்யாணம் நின்னுரும். முப்பத்தாறு வயசு எனக்கு. இனி எவன் பொண்ணு குடுப்பான்? ஆவணி முடிஞ்சதும் எல்லாத்தையும் சொல்லிரலாம்னு நெனச்சேன்."

அதை அவன் நிஜமாகவே நம்பியிருந்தான் என்பதுதான் உமாராணிக்குத் தாங்கவில்லை. "எங்க வச்சிருக்க அவன?"

"தோப்புல. வடக்கு மூலை. மேல ஒரு தென்னங்கன்னு நட்டிருக்கேன்."

*

சப் இன்ஸ்பெக்டர் முத்துச்செல்வம் உமாராணியோடு முன்பு வேலை பார்த்தவர். ஸ்ரீகணேஷை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, தோண்டும்போது உடனிருக்கத் தாசில்தாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, தோப்புக்குப் புறப்பட்டார். ஸ்கூட்டர் ஜீப்பின் பின்னால் போனது.

"யக்கா," என்றான் முஃபீத் பின்சீட்டிலிருந்து. "இனி அந்த அம்மாட்ட யாரு சொல்ல? நான் மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

உமாராணி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். நேற்றிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போதுதான் அது இன்னதென்று பிடிபட்டது.

"நேத்து அடுக்களையில தண்ணி குடிக்கப் போனியே. அங்கன எண்ணெய் இருந்துதா?"

"மேடைலயே ஒரு டின் நல்லெண்ணெய் இருந்துச்சே. முழுசா, மூடிகூடப் பிரிக்காம..." சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "எண்ணெய் தீந்துபோச்சுன்னாங்களே."

"பொட்டு வைக்கது மூத்தவன் வேலை. வெளக்கு ஏத்துதது யாரு வேலைலே?"

விளக்கு அம்மாவின் வேலை. திரி காய்ந்து கிடந்தது. படத்துத் தாயின் நெற்றியில் அம்மா வைக்கிற குங்குமமும் காய்ந்து உதிர்ந்திருந்தது. அந்த வீட்டில் தீட்டுக் காத்தது ஒருவன் இல்லை, இரண்டு பேர். உசுரோட இருக்கானா என்று அவள் ஏன் கேட்கவில்லை என்பதற்கும், டம்ளரை ஏன் தொடவிடவில்லை என்பதற்கும் இனி விளக்கம் தேவைப்படவில்லை.

விஜயத்தம்மாள் அவர்களுக்கு முன்பே தோப்பில் வந்து நின்றுகொண்டிருந்தாள். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தென்னை மரத்தைப் பிடித்தபடி, வடக்கு மூலையில் ஆட்கள் மண்வெட்டி போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உமாராணி பக்கத்தில் போனாள்.

"உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"மொத வெள்ளிக்கெழம காலையில. பிள்ளை நெத்தியில பொட்டையும் கீழ தண்ணியையும் பாத்த உடனே." குரலில் அழுகை இல்லை. வற்றிப்போயிருந்தது. "மூத்தவன் மூஞ்சியப் பாத்தேன். கேக்கத் தைரியம் வரல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்லச் சொல்லுத? நான் பெத்தவன நானே புடிச்சுக் குடுக்கவா? கெடக்க எடம் தெரியாம எளையவன் கெடக்கானேன்னு மனசு கெடந்து அடிச்சுச்சு. அவனக் கண்டுபிடிச்சுத் தாங்கன்னு மட்டுந்தான் உங்கிட்ட கேட்டேன்." அவள் திரும்பி ஜீப்பைப் பார்த்தாள். உள்ளே கைவிலங்கோடு மூத்தவன் தலையைக் குனிந்திருந்தான். "நீ ரெண்டையும் சேத்து எடுத்துக்கிட்ட."

வாங்கிய வேலையை ஒழுங்காக முடித்ததற்காக உமாராணி வெட்கப்பட்டது அன்று ஒருநாள்தான்.

மண்வெட்டிகள் நின்றன. ஆட்கள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, நீலத் தார்ப்பாயில் சுற்றியிருந்ததைக் குழியிலிருந்து தூக்கி மேட்டில் வைத்தார்கள். விஜயத்தம்மாள் மரத்தை விட்டாள். யாரும் பிடிக்காமலே நடந்து போனாள். தார்ப்பாய்க்குப் பக்கத்தில், ஈர மண்ணில், தேய்ந்த முழங்கால்களை மடக்கி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மா, தொடக் கூடாதும்மா," என்றார் முத்துச்செல்வம். "தாசில்தார் எழுதி முடிக்கணும். டாக்டர் பாக்கணும். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. தயவுசெஞ்சு."

நீட்டிய கைகள் தார்ப்பாய்க்கு ஒரு சாண் மேலே நின்றன. எடுக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு மெல்ல மேலே போய் இரண்டு பக்கமும் விரிந்தன. உள்ளங்கைகளில் சாரல் விழுந்தது. விஜயத்தம்மாள் வானத்தைப் பார்த்தாள்.

முஃபீத் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உமாராணி," என்று அவள் கூப்பிட்டாள், தலையைத் திருப்பாமல். "அந்தப் படத்துல அவ ஏன் பிள்ளையத் தொடலன்னு கேட்டேன்லா, அவன்ட்ட?"

"ஆமாம்மா."

"விட்டிருக்க மாட்டாங்க."